திருத்தாமல் விட்ட குரல்: 'கிளாப் யுவர் ஹேண்ட்ஸ் சே யா' பேண்டின் முதல் ஆல்பம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஆல்பத்தைப் போட்ட உடனே பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள். பாடுபவரின் குரல் அப்படி. மூக்கால் பாடுகிறார், சுருதிக்குக் கொஞ்சம் கீழே தொடங்கி இழுத்துக்கொண்டே மேலே போகிறார், போன இடத்தில் குரல் உடைகிறது, உடைந்ததை மறைக்காமல் அடுத்த வரியிலும் அதையே செய்கிறார். எங்கள் பேண்டில் பாடுகிற தம்பி முதல் பாட்டு முடிவதற்குள், "அண்ணா, இது டெமோவா?" என்று கேட்டான், அதாவது மாதிரிக்குப் பாடிப் பார்த்த பதிவா என்று. டெமோ இல்லை. ஐந்து பேர் கொண்ட ஒரு அமெரிக்க ராக் பேண்ட் 2005 ஜூன் மாதம், பாட்டை வெளியிடுகிற கம்பெனி, அதாவது லேபிள், எதுவும் இல்லாமல் தாங்களே வெளியிட்ட முதல் ஆல்பம். பேண்டின் பெயர்தான் ஆல்பத்துக்கும் பெயர். வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இப்போது எதற்கு விமர்சனம் என்று கேட்கலாம். தன் பாட்டைத் தானே வெளியிட்டால் ஒரு பேண்டுக்கு என்ன கிடைக்கும் என்று சென்னையில் யார் கேட்டாலும், பணக் கணக்கைப் பேசுவதற்கு முன்னால் இந்த ஆல்பத்தைத்தான் போட்டுக் காட்டுகிறேன். என்ன கிடைக்கும் என்பது இதில் காதிலேயே விழுகிறது.

விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அலெக் அவுன்ஸ்வொர்த் பாட்டு, கிட்டார். டைலர் சார்ஜென்ட் பாஸ் கிட்டார், அவருடைய இரட்டைச் சகோதரர் லீ சார்ஜென்ட் கிட்டாரும் கீபோர்டும், ராபி கெர்ட்டினும் அப்படியே இரண்டும், ஷான் கிரீன்ஹால் டிரம்ஸ். கல்லூரியில் பழகியவர்கள். பேண்ட் வளர்ந்தது நியூயார்க்கின் ப்ரூக்ளினில், பெயரையும் அங்கே ஒரு சுவரில் எழுதியிருந்த வாசகத்திலிருந்துதான் எடுத்தார்கள். ஆடம் லாசஸ் என்ற தயாரிப்பாளருடன் சேர்ந்து ஒலிப்பதிவு செய்து, சிடி போட்டு, தாங்களே விற்க ஆரம்பித்தார்கள். அட்டையில் தாஷா ஷிஷ்கின் என்ற ஓவியரின் படம். அந்தச் சமயத்தில் பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இணையதளம் பத்துக்கு 9.0 மதிப்பெண் கொடுத்தது, போட்ட சிடி தீர்ந்து மறுபடி மறுபடி போட வேண்டியதாயிற்று. புகழ்பெற்ற ராக் பாடகர்களான டேவிட் போவியும் டேவிட் பர்னும் இவர்கள் கச்சேரிக்கு வந்து நின்று கேட்டார்கள். 2006 தொடக்கத்தில் விச்சிட்டா என்ற லேபிள் பிரிட்டனில் வெளியிட்டது. இணையத்தில் பாட்டு கேட்கவும் விற்கவும் இன்று இருக்கிற ஸ்பாட்டிஃபை, பேண்ட்கேம்ப் எல்லாமே வந்தது 2008-ல். யூட்யூபே 2005-ல்தான் பிறந்தது. அப்படி ஒரு காலத்தில் சிடியை உறையில் போட்டு அனுப்பி இந்த இடத்துக்கு வந்தார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இனி குரலுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த ஆல்பத்தில் பிடிப்பதும் பிடிக்காததும் அதை வைத்துத்தான். மேல்நாட்டு விமர்சகர்கள் எல்லோரும் டாக்கிங் ஹெட்ஸ் பேண்டின் டேவிட் பர்னைச் சொல்வார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் நம்ம ஜே.பி. சந்திரபாபு. ஒரு வரியைச் சாதாரணமாகப் பாடிக்கொண்டே வந்து, சட்டென்று குரலை மேலே தூக்கி உடைத்து, யோடலிங் செய்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி கீழே இறங்குவாரே, அந்தத் துணிச்சல் அவுன்ஸ்வொர்த்திடம் இருக்கிறது. சந்திரபாபு அதை விளையாட்டாகச் செய்வார், இவர் தவிப்பில் செய்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். கானா கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் குரல் இன்னும் சுலபமாகப் பழகும் என்று நினைக்கிறேன். கானா பாடுபவரிடம் யாரும் குரலை மெழுகிக்கொண்டு வா என்று சொல்வதில்லை. அந்தக் கரகரப்புக்குத்தான் அந்தப் பாட்டு. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்ட் முதல் தடவை மேடையேறியபோது, கானாக் குரலுக்குப் பக்கத்தில் ராக் கிட்டார் எவ்வளவு இயல்பாக நிற்கும் என்பது ஊருக்கே தெரிந்தது. அந்தக் காதோடு இந்த ஆல்பத்துக்கு வந்தால் பாதி வழி கடந்த மாதிரி.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுருதியைத் திருத்துகிற மென்பொருள் 2005-ல் இல்லாமல் இல்லை. ஆட்டோட்யூன் 1997-லேயே வந்துவிட்டது, அமெரிக்காவில் ஸ்டூடியோவுக்கு ஸ்டூடியோ இருந்தது. வேண்டுமென்றால் இந்தக் குரலை ஒரு மதியத்தில் நேராக்கியிருக்கலாம். ஒரு பெரிய லேபிள் பணம் போட்டிருந்தால் அந்தப் பேச்சு கட்டாயம் வந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பணம் போட்டவன் ரேடியோவில் ஓடுமா என்று கேட்காமல் இருக்க மாட்டான். இங்கே அப்படிக் கேட்க ஆளே கிடையாது. பாடியவரும் அவருடைய நண்பர்களும் உட்கார்ந்து, பாடிப் பதிந்தவற்றில் சரி, இதுதான் டேக் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், சாலிகிராமம் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் எங்களுக்கு நடந்தது. தம்பி பாடிய பாட்டில் 'போறேன்' என்று ஒரு வரி முடியும். அந்த 'றே'-யில் அவன் குரல் சுருதியிலிருந்து ஒரு நூல் அளவு சறுக்கி இறங்கும், போக மனசில்லாதவன் போறேன் என்று சொல்கிற மாதிரி. பாட்டின் உயிரே அந்த இடம். குரலையும் வாத்தியங்களையும் சேர்த்து முடித்த மிக்ஸ் கைக்கு வந்தபோது அந்தச் சறுக்கல் இல்லை. திரையில் பார்த்தால் அந்த எழுத்து கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. யாரும் எங்களைக் கேட்கவில்லை. கேட்டதற்கு, "எல்லாருக்கும் பண்றதுதான் சார், க்ளீனா இருக்கும்" என்று பதில். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, சினிமாப் பாட்டுக்கு நாள் முழுக்கச் செய்கிற வேலையை எங்களுக்கும் செய்திருக்கிறார். ஆனால் பாட்டு செத்துவிட்டது. அந்தப் பழைய டேக்கைத் திரும்ப வாங்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு இந்த ஆல்பத்தை மறுபடி கேட்டபோது, குரல் உடைகிற ஒவ்வொரு இடமும் ஒருவர் பிடிவாதமாகக் காப்பாற்றிய இடமாகத்தான் கேட்டது.

சரி, பாட்டுகள். மொத்தம் 12, எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடத்துக்கும் குறைவு. முதல் பாட்டு 'கிளாப் யுவர் ஹேண்ட்ஸ்!' பொருட்காட்சியில் கூடாரத்துக்கு வெளியே நின்று கூவிக் கூப்பிடுகிறவரின் குரலில் தொடங்குகிறது, பின்னால் சர்க்கஸ் ஆர்கன். இரண்டு நிமிடம்கூட இல்லை. புதிதாகக் கேட்பவர்களை விரட்டுவதும் இதுதான். இதை முதலில் வைத்தது எனக்கு இன்றுவரை உடன்பாடில்லை. அடுத்து வரும் 'லெட் த கூல் காடஸ் ரஸ்ட் அவே' பாட்டில்தான் பேண்டின் உண்மையான முகம் தெரிகிறது: மணி போல ஒலிக்கிற கிட்டார், அதற்குக் கீழே ஓயாமல் நடக்கிற பாஸ், இரண்டுக்கும் நடுவில் எங்கேயும் ஒட்டாமல் அலைகிற குரல். மூன்றாவது 'ஓவர் அண்ட் ஓவர் அகெய்ன்' பெயருக்கு ஏற்ற மாதிரி ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது, சலிக்கவே இல்லை.

ஆல்பத்தின் நடுவில் அடுத்தடுத்து இரண்டு பாட்டுகள் வருகின்றன. எனக்கு இந்த ஆல்பம் என்றாலே அந்த இரண்டும்தான். ஐந்தாவது, 'டீடெய்ல்ஸ் ஆஃப் த வார்'. மெதுவான பாட்டு, கிட்டாரை நிதானமாக மீட்டிக்கொண்டு பாடுகிறார், இடையில் மவுத் ஆர்கன் வருகிறது. இசை அடங்கிப் போவதால் குரலை மறைக்க எதுவுமே இல்லை. ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும் எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் நீள்கிறது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நமக்கு முதல் தடவையில் பாதிச் சொற்கள் பிடிபடாது, அவர் வாய்க்குள்ளேயே மென்று பாடுவதால் ஆங்கிலேயர்களுக்கே பிடிபடுமா தெரியவில்லை. அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. இழந்த ஒன்றைப் பற்றிப் பாடுகிறார் என்பது சொல்லுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிடுகிறது. ஆலாபனை கேட்டுப் பழகிய ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அது ஓய்ந்ததும் ஆறாவது, 'த ஸ்கின் ஆஃப் மை யெல்லோ கண்ட்ரி டீத்'. ஆல்பத்திலேயே நீளமான பாட்டு, ஐந்தரை நிமிடத்துக்கும் மேல். நான் பாஸ் வாசிப்பவன், அதனால் கொஞ்சம் அதிகமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். டிரம்ஸ் ஒரே நடையில் போகிறது, எந்த அலட்டலும் கிடையாது. பாஸ் அதோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. வாசிப்பதற்குக் கஷ்டமான பகுதி என்று ஒன்றுமே இல்லை, ஒரு வருஷம் கற்றுக்கொண்டவர் வாசித்துவிடலாம். ஆனால் அவசரப்படாமல், அழுத்தத்தைக் கூட்டாமல் குறைக்காமல் அவ்வளவு நேரம் வாசிக்க முடியுமா என்று பாருங்கள். நாங்கள் ஒத்திகை பார்க்கிற ஜாம் ரூமில் முயன்றோம், மூன்றாவது நிமிடத்தில் எங்களை அறியாமலே வேகம் ஏறிவிடுகிறது. மேலே கீபோர்டு ஒரு சின்ன மெட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப வருகிறது. இத்தனையும் இறுக்கமாக இருப்பதால்தான் அவுன்ஸ்வொர்த் இஷ்டத்துக்கு வழுக்கிப் பாட முடிகிறது. தாளத்துக்குப் பின்னால் விழுகிறார், முன்னால் ஓடுகிறார், பாட்டு குலைவதில்லை. திருத்தாத குரல் என்று நான் சொல்வதை யாரும் ஏனோதானோ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குரலை அப்படியே விட்டார்கள், ஆனால் மற்ற நால்வரும் கடிகாரம் மாதிரி வேலை செய்திருக்கிறார்கள். நம்ம ஊரில் 'ரா'வாக, மெருகேற்றாமல் இருக்கட்டும் என்று சொல்லிப் பாஸும் டிரம்ஸும் ஆளுக்கொரு பக்கம் போகிற பதிவுகளைக் கேட்கும்போது இந்தப் பாட்டைத்தான் நினைத்துக்கொள்வேன்.

'இஸ் திஸ் லவ்?' வேகமான பாட்டு, குரல் இதில்தான் உச்சத்துக்குப் போகிறது, தலைவலியோடு கேட்க வேண்டாம். 'ஹெவி மெட்டல்' என்ற பாட்டுக்கும் ஹெவி மெட்டலுக்கும் சம்பந்தம் இல்லை. 'இன் திஸ் ஹோம் ஆன் ஐஸ்' நல்ல ஹெட்போனில் கேட்க வேண்டியது. கிட்டார்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, புகை மாதிரிப் பரப்பி, குரலை அதற்குள் முக்கி எடுத்திருக்கிறார்கள். கடைசிப் பாட்டு 'அபான் திஸ் டைடல் வேவ் ஆஃப் யங் பிளட்', குழந்தை நட்சத்திரங்கள் என்ற பேச்சு வருகிற பாட்டு. ஒரே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு, அதன் மேல் இன்னொன்றை ஏற்றி, மூச்சு வாங்க வாங்க வளர்க்கிறார்கள். முடியும்போது பாடுகிறாரா கத்துகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ரியாலிட்டி ஷோ மேடையில் பத்து வயதுப் பிள்ளைகளை அழவைத்துப் பார்க்கிற நமக்கு இந்தப் பாட்டு தூரத்து விஷயமே இல்லை.

குறைகளும் உண்டு. 'சன்ஷைன் அண்ட் கிளவுட்ஸ்', 'ப்ளூ டர்னிங் கிரே' இரண்டும் ஒரு நிமிடத்தையொட்டிய வாத்திய இடையிசைகள். முதலாவது பொம்மைப் பெட்டி இசை போல அழகாகவே இருக்கிறது, அடுத்த பாட்டுக்கு இடம் ஒதுக்கித் தருகிறது. இரண்டாவது எதற்கு என்று புரியவில்லை. 'கிம்மி சம் சால்ட்' எனக்கு ஒட்டவே இல்லை. கடைசிப் பாட்டுக்கு முந்திய அந்த இடத்தில் ஆல்பம் தொய்கிறது. வெளியாள் ஒருவர் இருந்திருந்தால் இதை எடுத்துவிடச் சொல்லியிருப்பார், சரியாகவும் சொல்லியிருப்பார். தானே வெளியிடுவதில் இந்த ஆபத்து இருக்கிறது. குரலைத் தொடாதே என்று சொல்லும் அதே சுதந்திரம்தான் பலவீனமான பாட்டையும் உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்கிறது. இதற்கு என்னிடம் தீர்வு இல்லை, ஆனால் பேண்டுக்கு வெளியே நம்பிக்கையான காது ஒன்று வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவர்களை உதாரணம் காட்டுபவர்கள் பிட்ச்ஃபோர்க் கொடுத்த 9.0 மதிப்பெண்ணை வசதியாக மறந்துவிடுகிறார்கள். நல்ல ஆல்பம்தான், ஆனால் லட்சக்கணக்கானோர் படித்த இடத்தில் ஒருவர் நல்லது என்று எழுதினார், அதற்குப் பிறகுதான் கூட்டம் வந்தது. சென்னையில் தனி இசைக்கு அப்படி ஒரு இடம் கிடையாது. சாரங் மாதிரிக் கல்லூரி விழா மேடை இருக்கிறது, வாரக்கடைசியில் பப்பில் வாசிக்கலாம், இன்ஸ்டாகிராமில் முப்பது வினாடி போடலாம். நின்று, முழு ஆல்பத்தையும் கேட்டு, இது தேறும் இது தேறாது என்று எழுதுபவர்கள் மிகக் குறைவு. கடைசியில் யாராவது ஒரு சினிமா இயக்குநர் கண்ணில் பட்டால்தான் உண்டு என்று நல்ல பாடகர்கள் காத்திருக்கிறார்கள். பாட்டு பிடித்திருந்தால் நாலு வரி எழுதுங்கள் என்று கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு பேண்டுக்கு அந்த நாலு வரி எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

பணத்தை விடவும் உரிமையை யோசிக்க வேண்டும் என்பேன். நம் நாட்டில் ஒரு ஒலிப்பதிவின் காப்புரிமை, வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம். சினிமாப் பாட்டில் அது தயாரிப்பாளரிடமிருந்து ஆடியோ கம்பெனிக்குப் போய்விடும். பாட்டெழுதுபவருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமையைப் பறிக்க முடியாது என்ற பாதுகாப்பே 2012 சட்டத் திருத்தத்தில்தான் வந்தது. நீங்களே காசு போட்டுப் பதிவு செய்து நீங்களே வெளியிட்டால் அந்த 60 வருஷமும் உங்களுடையது. அவசரத்தில் முழு உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டால், நாளைக்கு உங்கள் பாட்டை நீங்களே வேறு மாதிரி மிக்ஸ் செய்து வெளியிட அனுமதி கேட்டு நிற்க வேண்டும். இன்றைக்கு ஒரு டிஸ்ட்ரிப்யூட்டருக்கு வருஷக் கட்டணமோ பங்கோ கொடுத்தால் எல்லாச் செயலிகளிலும் பாட்டு ஏறிவிடுகிறது. சிடியை உறையில் போட்டு அனுப்பியவர்களோடு ஒப்பிட்டால் நமக்கு வேலை எவ்வளவோ குறைவு. அதனால் மிச்சமாகிற நேரத்தை மிக்ஸிங்கில் பக்கத்திலேயே உட்கார்ந்து செலவழியுங்கள், திருத்துவதற்கு முன் எங்களைக் கேளுங்கள் என்று எஞ்சினியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பேண்டின் பிற்காலம் ஏற்ற இறக்கம்தான். 2007-ல் வந்த இரண்டாவது ஆல்பம் 'சம் லவுட் தண்டர்', முதல் பாட்டையே வேண்டுமென்று சிதைத்து, ஸ்பீக்கர் கிழிந்த மாதிரிப் பதிவு செய்திருந்தார்கள், நிறைய பேர் அதோடு கழன்றுகொண்டார்கள். 2011-ல் மூன்றாவது வந்தது, அப்புறம் மற்றவர்கள் ஒவ்வொருவராக விலக, அவுன்ஸ்வொர்த் அதே பெயரில் தனியாகத் தொடர்கிறார். 2021-ல்கூட ஒரு ஆல்பம் வந்தது. எதிலும் இந்த முதல் ஆல்பத்தின் ஐந்து பேர் சேர்ந்த அந்த இறுக்கம் முழுசாகத் திரும்பவில்லை என்பது என் அபிப்பிராயம். பின்னால் வந்தவற்றை விரும்புகிற நண்பர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு சண்டையில்லை.

கேட்க நினைப்பவர்களுக்கு ஒன்று. முதல் பாட்டில் தொடங்காதீர்கள். ஐந்து, ஆறு இரண்டையும் அதே வரிசையில் கேளுங்கள், அப்புறம் பத்தாவதான 'இன் திஸ் ஹோம் ஆன் ஐஸ்', அப்புறம் கடைசி. இந்த நான்கில் ஒன்றும் பிடிக்கவில்லை என்றால் ஆல்பம் உங்களுக்கானது அல்ல, விட்டுவிடலாம். ஒன்று பிடித்துவிட்டால் மறுநாள் முதலிலிருந்து முழுக்கப் போடுங்கள், அந்தச் சர்க்கஸ் கூவலும் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். ஸ்பாட்டிஃபையில் இருக்கிறது. ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பாஸ் கேட்காது, பாஸ் இல்லாமல் இந்த ஆல்பத்தைக் கேட்டு அவருக்குப் பாட வரவில்லை என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.